போதுமான இடைவெளி என்றால் எத்தனை அடி?

சைக்கிளில் போகிறவரை முந்தும் கார் எவ்வளவு தள்ளிப் போக வேண்டும்? யாரைக் கேட்டாலும் "போதுமான அளவு" என்பார்கள். சட்டங்களும் நெடுங்காலம் அப்படித்தான் சொல்லி வந்தன. 1968ல் வியன்னாவில் உருவான சாலைப் போக்குவரத்து உடன்படிக்கையிலும், முந்துகிறவர் பக்கவாட்டில் போதிய இடம் விட வேண்டும் என்றுதான் இருக்கிறது. எத்தனை அடி என்று இல்லை. எது போதும் என்று முடிவு செய்வது யார்? காருக்குள் இருப்பவர். அது போதாமல் போனால் அடிபடுவது யார்? வெளியே இருப்பவர். சிக்கலே இங்கேதான்.

அமெரிக்க மாநிலங்களில் முதலில் ஓர் எண்ணைச் சொன்னது விஸ்கான்சின். குறைந்தது 3 அடி விட வேண்டும் என்று 1973ல் அங்கே சட்டம் வந்தது. சைக்கிள் தண்டவாளத்தில் ஓடும் வண்டி அல்ல. பள்ளத்தைக் கண்டால் விலகும், பெரிய லாரி உரசிப் போனால் அதன் காற்றிலேயே ஆடும். அந்த ஆட்டத்துக்கும் சேர்த்துத்தான் இடம் தேவை. மற்ற மாநிலங்கள் மெதுவாகத்தான் பின்தொடர்ந்தன. பென்சில்வேனியா 2012ல் 4 அடி என்றது. கலிஃபோர்னியாவில் சட்டசபை நிறைவேற்றிய 3 அடி மசோதாவை ஆளுநர் ஜெர்ரி பிரவுன் 2011லும் 2012லும் திருப்பி அனுப்பினார். இரண்டாம் முறை அவர் சொன்ன காரணம் கவனிக்கத்தக்கது. சைக்கிளுக்கு இடம் விடுவதற்காக கார்கள் சாலை நடுவில் உள்ள இரட்டை மஞ்சள் கோட்டைத் தாண்டலாம் என்று மசோதா அனுமதித்தது. அதனால் விபத்து நடந்தால் அரசு மீது வழக்கு வருமே என்றார். அந்தப் பகுதியை நீக்கிய பிறகு 2013ல் கையெழுத்திட்டார். 2014 செப்டம்பரில் சட்டம் அமலுக்கு வந்தது.

ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து மாநிலத்தில் ஒரு மரணம் சட்டத்தை மாற்றியது. 2011ல் பிரிஸ்பேன் நகரில் சைக்கிளில் போன ஓர் இளம் வயலின் கலைஞர், முந்திச் சென்ற சிமெண்ட் லாரியில் அடிபட்டு இறந்தார். கடந்து போக இடம் இருப்பதாக நினைத்தேன் என்பது ஓட்டுநர் தரப்பு. 2013ல் ஜூரி அவரைக் குற்றவாளி அல்ல என்று விடுவித்தது. அன்றைய விதியிலும் இருந்தது "போதுமான தூரம்" என்ற சொல்தான். போதும் என்று நினைத்துத்தான் போனேன் என்பவரை அந்தச் சொல்லால் எப்படி மடக்குவது? தீர்ப்பைக் கேட்டு மக்கள் கொதித்தார்கள். அதே வருடம் சட்டசபைக் குழு ஒன்று விசாரணை நடத்தியது. 2014 ஏப்ரலில் புதிய விதி சோதனை முறையில் வந்தது. மணிக்கு 60 கிலோமீட்டர் வரை வேக வரம்புள்ள சாலைகளில் 1 மீட்டர், அதற்கு மேல் 1.5 மீட்டர். எதிரே பாதுகாப்பாக இருந்தால் நடுக்கோட்டைத் தாண்டியும் முந்தலாம். கலிஃபோர்னியா தயங்கிய அதே விஷயம்! 2016ல் இது நிரந்தரமானது. பிற மாநிலங்களும் ஒவ்வொன்றாகப் பின்பற்றின, கடைசியாக விக்டோரியா 2021ல்.

ஓட்டுநரின் கண் நல்ல அளவுகோல்தானா? இங்கிலாந்தின் பாத் பல்கலைக்கழக உளவியல் ஆய்வாளர் இயன் வாக்கர் 2006ல் இதை அளந்து பார்த்தார். சைக்கிளில் தூரம் அளக்கும் கருவியைப் பொருத்தி, 2,300க்கும் மேற்பட்ட வாகனங்கள் தன்னை முந்தியதைப் பதிவு செய்தார். ஹெல்மெட் அணிந்தபோது சராசரியாக 8.5 சென்டிமீட்டர் நெருங்கி வந்தன. பெண் போல நீண்ட விக் அணிந்தபோது சுமார் 14 சென்டிமீட்டர் விலகிப் போயின. ஹெல்மெட் பற்றிய முடிவைப் பிற ஆய்வாளர்கள் பின்னர் மறுத்தார்கள், அந்த விவாதம் தனி. ஆனாலும் ஆளைப் பார்த்து இடைவெளி மாறலாம் என்ற கேள்வியை அந்த ஆய்வு எழுப்பிவிட்டது.

அந்த நாட்டிலேயே 2016ல் வெஸ்ட் மிட்லண்ட்ஸ் போலீசார் சாதாரண உடையில் சைக்கிளில் கிளம்பினார்கள். உரசிப் போகிறவர்களை முன்னால் நின்ற சக காவலர் மடக்கினார். சாலையோரம் விரித்த பாயில் 1.5 மீட்டர் என்றால் எவ்வளவு என்று காட்டினார்கள். பாடம் கேட்க மறுத்தால் வழக்கு! அப்போது விதிப் புத்தகத்தில் அந்த எண் கிடையாது, காரை முந்தும்போது விடும் அளவுக்காவது இடம் விடுங்கள் என்றுதான் இருந்தது. 30 மைல் வேகம் வரை குறைந்தது 1.5 மீட்டர், வேகம் கூடினால் இன்னும் அதிகம் என்று 2022 ஜனவரியில்தான் அச்சேறியது. அதுவும் அறிவுரையாக மட்டுமே. ஜெர்மனியோ 2020லேயே ஊருக்குள் 1.5 மீட்டர், வெளியே 2 மீட்டர் என்று சட்டமாக எழுதிவிட்டது.

சாலையில் யாரும் டேப் வைத்து அளக்கப் போவதில்லை என்பது எதிர்ப்பாளர்களின் பழைய வாதம். உண்மைதான். வேக வரம்பைக்கூட எல்லோரும் மதிப்பதில்லை, அதற்காக "போதுமான வேகத்தில் போங்கள்" என்று யாரும் பலகை வைப்பதில்லையே. எண் வந்ததால் மட்டும் உயிர் பிழைத்துவிடாது. ஆனால் "போதும் என்று நினைத்தேன்" என்று ஒருவர் சொல்லும்போது, போதவில்லை என்று காட்ட இப்போது ஓர் அளவு இருக்கிறது.