கண்ணின் புண்ணும் வேலியோரக் கீரையும்

பழனிக்குச் செல்லும்போதெல்லாம் ஒட்டன்சத்திரம் சந்தையருகே சற்று நின்று பார்ப்பது என் வழக்கம். கொடைக்கானல் மலையிலிருந்து காரட் மூட்டைகள் வந்திறங்கும். சுற்றுப்புறத் தோட்டங்களிலிருந்து முருங்கைக்காய்க் கட்டுகள் வந்து குவியும். காய் லாரியேறி வெளியூர் போகும். கீரையோ பெரும்பாலும் மரத்திலேயே நின்றுவிடும். இக்காட்சியைக் காணுந்தோறும், இப்பகுதிகளில் ஒரு காலத்தில் பார்வையிழந்த குழந்தைகளே என் நினைவுக்கு வருகிறார்கள்.

கருவிழியின் மேற்படலம் மிக மெல்லியது. நல்ல உணவு உண்ணும் குழந்தைக்கு அதில் சிறு கீறல் ஏற்பட்டாலும் ஓரிரு நாளில் ஆறிவிடும். 'ஏ' உயிர்ச்சத்து குறைந்தாலோ அப்படலம் உலர்ந்து தடிக்கும், புண் ஆறாது. முதலில் மாலைக்கண் தோன்றும். பிறகு கண் வறளும். அந்நிலையில் தட்டம்மையோ வயிற்றுப்போக்கோ வந்துவிட்டால், சில நாட்களிலேயே கருவிழி குழைந்து அழிந்துவிடும். சொட்டு மருந்து மட்டும் இதைத் தடுக்காது. புண் கண்ணிலே, காரணம் உணவிலே.

இவ்வுண்மை படிப்படியாகவே தெளிவாயிற்று. 1904-இல் ஜப்பானிய மருத்துவர் மோரி, இத்தகைய கண்நோய்க்கு மீனெண்ணெய் பயன்படுவதை எழுதினார். 1913-இல் அமெரிக்காவில் மெக்காலமும் டேவிஸும், வெண்ணெயிலும் முட்டையிலும் உயிர் வளர்க்கும் ஒரு சத்து இருப்பதைக் கண்டனர். நம் நாட்டில், மெக்காரிசன் நிறுவிய குன்னூர் உணவாய்வுக் கூடத்தின் தலைவர் ஆய்க்ராய்டும், சென்னை அரசினர் கண் மருத்துவமனையின் ரைட்டும் சேர்ந்து, கருவிழி குழைந்த நோயாளிகளுக்குச் செம்பனை எண்ணெய் கொடுத்துப் பார்த்து, 1937-இல் முடிவை வெளியிட்டனர். தாவரத்தின் மஞ்சள் நிறப்பொருளே கண்ணைக் காக்கும் என்பது ஏழை நாட்டுக்கு எத்துணை நல்ல செய்தி!

ஆயினும் அறிவு வேறு, அடுப்பங்கரை வேறு. 1985 வரை பழனியும் கொடைக்கானலும் மதுரை மாவட்டத்தில் இருந்தன. மதுரை அரசு மருத்துவமனையில் கண்பிரிவை நடத்திய டாக்டர் கோ. வெங்கடசாமி, குணமாகிச் சென்ற குழந்தை பழைய உணவுக்கே திரும்புவதை உணர்ந்தார். 1970-களின் தொடக்கத்தில், தாயும் சேயும் தங்கி நல்லுணவு சமைத்துப் பழகும் ஊட்டச்சத்து மையம் அங்கு ஏற்பட்டது. அரவிந்த் கண் மருத்துவமனையை அவர் 11 படுக்கைகளுடன் தொடங்கியது அதன் பின்னரே, 1976-இல்.

ஈரல் இச்சத்தைச் சேமித்து வைக்க வல்லது. அதனால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை குழந்தைகளுக்கு இதனைப் புகட்டும் திட்டத்தை 1970-இல் இந்திய அரசு தொடங்கியது.

இக்கதையின் முடிவு கண்ணோடு நிற்கவில்லை. திருச்சி மாவட்டத்தில் 15,419 சிறு குழந்தைகளிடம் டாக்டர் லட்சுமி ரஹ்மத்துல்லாவின் குழுவினர் ஓராண்டு ஆய்வு நடத்தினர். வாரந்தோறும் சிறிதளவு 'ஏ' உயிர்ச்சத்துப் பெற்றவர்களிடையே மரணம் 54 விழுக்காடு குறைந்திருந்ததை 1990-இல் அறிவித்தனர். கண்ணைக் காக்கக் கொடுத்த சத்து உயிரையே காத்தது! வறண்ட கண், உடல் முழுவதும் நலிந்ததற்கு அறிகுறியாக இருந்திருக்கிறது.

கருவிழி குழையும் கொடுமை இன்று அரிதாகிவிட்டது. ஆனால், கீரை குழந்தைக்குச் செரிக்காது என்னும் எண்ணம் இன்னும் பல வீடுகளில் உண்டு. நன்றாக வேகவைத்து, மசித்து, சிறிது நெய்யோ எண்ணெயோ சேர்த்தால் பிள்ளை உண்ணும். அக்கொழுப்பின் துணையால் சத்தும் உடலில் சேரும். காயை விற்போம், கீரையையேனும் நம் பிள்ளைகளுக்கு வைத்துக்கொள்வோம்.