குடவோலையும் கணினியும்

உத்திரமேரூரில் முதலாம் பராந்தகச் சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு உள்ளன. 919, 921 ஆகிய ஆண்டுகளைச் சேர்ந்த இவை, ஊர்ச்சபையின் வாரியங்களுக்கு ஆள் தேர்ந்த முறையை விவரிக்கின்றன. 30 குடும்புகளிலும் தகுதியுள்ளவர்களின் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் இடுவார்கள். எல்லோரும் பார்க்கும்படி முதியவர் ஒருவர் குடத்தைத் தூக்கிக் காட்டுவார். விவரம் அறியாத ஒரு சிறுவன் ஓலை எடுப்பான். மத்தியஸ்தர் ஐந்து விரல்களையும் விரித்து, உள்ளங்கையில் அதை வாங்கிப் படிப்பார். எந்த ஓலை வரும் என்று யாருக்கும் முன்கூட்டியே தெரியக்கூடாது. முறையின் உயிரே அதுதான்.

கணினிக்கும் இதே தேவை உண்டு. வங்கிப் பரிமாற்றத்தைப் பூட்டும் ரகசியச் சாவி, யாரும் ஊகிக்க முடியாத எண்ணாக இருக்க வேண்டும். ஆனால் கணினி சொன்னதைச் செய்யும் எந்திரம். ஒரே தொடக்க எண்ணைக் கொடுத்தால் ஒரே எண் வரிசையைத்தான் தரும். நெட்ஸ்கேப் உலாவி நேரத்தையும் புராசஸ் எண்களையும் வைத்தே சாவி தயாரித்தது. 1995இல் இயன் கோல்ட்பர்க், டேவிட் வாக்னர் என்ற இரு பெர்க்லி மாணவர்கள் அதை ஊகித்துக் காட்டினார்கள்.

அப்படியானால் தற்செயலை வெளியிலிருந்துதான் கொண்டுவர வேண்டும். 1994இல் தியோடர் ட்சோ லினக்ஸில் அதற்கு வழி செய்தார். விசை தட்டிய கணம், மவுஸ் நகர்ந்த கணம், வன்தட்டு பதில் தந்த கணம் இவற்றின் நுண்ணிய வேறுபாடுகளைக் கர்னல் சேகரித்தது. இந்த ஊகிக்க முடியாத தன்மைக்குப் பெயர் என்ட்ரோபி. சேர்ந்ததையெல்லாம் ஒரு தொட்டியில் கலக்கி, அதிலிருந்து எண்களை எடுத்துத் தந்தது. தொட்டிதான் குடம்!

ஆனால் குடம் இருந்தால் மட்டும் போதுமா? 2006இல் டெபியன் லினக்ஸில், ஒரு சோதனைக் கருவி எச்சரித்ததால் ஓபன்எஸ்எஸ்எல் நிரலிலிருந்து சில வரிகள் நீக்கப்பட்டன. கர்னல் தந்த என்ட்ரோபியைக் கலந்த வரியும் அதில் போய்விட்டது. மிஞ்சியது புராசஸ் எண் மட்டுமே. ஒரு வகைச் சாவிக்குச் சுமார் 32,000 சாத்தியங்கள்தான். எல்லாவற்றையும் முன்பே பட்டியலிட்டுவிடலாம். லூசியானோ பெல்லோ இதைக் கண்டுபிடித்து, 2008 மே மாதம் அறிவிப்பு வந்தது. அதுவரை உருவான சாவிகளை உலகெங்கும் மாற்ற வேண்டியிருந்தது.

ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. வந்த எண்கள் பார்வைக்குத் தாறுமாறாகவே இருந்தன. குடம் குலுங்கியது, ஓலையும் வந்தது. உள்ளே போட்ட ஓலைகள் எத்தனை என்று மட்டும் எவரும் எண்ணிப் பார்க்கவில்லை. உத்திரமேரூரார் குடத்தை ஊர் முன்னால் தூக்கிக் காட்டியது வீண் சடங்கல்ல.