கொசுவுக்குள் ஒரு குடித்தனக்காரன்

2012இல் நம் மாவட்டத்தில் டெங்கு பரவியது பலருக்கும் நினைவிருக்கும். கடையநல்லூர்ப் பக்கம்தான் அதிகம் என்று வள்ளியூரில் நாங்கள் அசட்டையாக இருந்தோம். ஜூன் மாதம் என் பேத்திக்கே வந்துவிட்டது. ஆறு வயது. எட்டு நாள் ஆஸ்பத்திரி வாசம். தட்டணு எத்தனை என்று கேட்ட பிறகுதான் வீட்டில் யாரும் சாப்பிடுவோம். பிள்ளை பிழைத்தாள். அன்று முதல் கொசுவைப் பற்றி எது கிடைத்தாலும் படித்து வருகிறேன்.

நான் காரைக்காலில் பிரெஞ்சு வழியில் படித்தவன். எங்கள் வகுப்பில் பாஸ்தர்தான் தெய்வம். கிருமி என்றால் எதிரி என்பதே பாடம். கொசுவுக்குள் குடியிருக்கும் ஒரு கிருமி நமக்கு உதவும் என்று படித்தபோது சட்டென்று நம்ப முடியவில்லை.

அதன் பெயர் வோல்பாக்கியா. 1924இல் அமெரிக்காவில் ஹெர்ட்டிக், வோல்பாக் என்ற இருவர் சாதாரண வீட்டுக் கொசுவுக்குள் இதைக் கண்டார்கள். தாயிடமிருந்து முட்டை வழியாகப் பிள்ளைக்குப் போகும். தகப்பன் வழியில் போகாது. இந்தக் கிருமி உள்ள ஆண், இல்லாத பெண்ணோடு கூடினால் முட்டை பொரிக்காது. ஜெர்மனியின் லாவன் இந்தப் பொருந்தாமையைப் பயன்படுத்தி, பர்மாவில் ரங்கூனுக்கு அருகில் ஓக்போ கிராமத்தில் யானைக்கால் பரப்பும் கொசுவை ஒழித்துக் காட்டினார். 1967இல் அது வெளியானது. அவர் விட்ட ஆண் கொசுக்களின் தாய்வழி பாரிஸ் கொசு! ஆனால் காரணம் கிருமிதான் என்பது 1971இல்தான் தெரிந்தது.

கிருமியின் மரபணுத் தொகுதி படிக்கப்பட்டபோது எனக்குப் பழைய ஆபீஸ் ஞாபகம் வந்தது. எல்.டிஸ். கோப்பு ஒரு வருடம், டி.டிஸ். பத்து வருடம், ஆர்.டிஸ். என்றால் நிரந்தரம். தேவையற்றதைக் கழித்துவிடுவோம். பூச்சியின் செல்லுக்குள் சாப்பாடும் பாதுகாப்பும் கிடைப்பதால், உள்ளே குடியேறிய கிருமியும் காலப்போக்கில் பல மரபணுக்களை இழந்துவிடுகிறது. நம் குடலில் வாழும் ஈ.கோலைக்குச் சுமார் 46 லட்சம் எழுத்து. பழ ஈயிலிருந்து எடுத்த வோல்பாக்கியாவுக்கு 2004இல் எண்ணியபோது சுமார் 12.7 லட்சம். அசுவினிப் பூச்சிக்குள் இருக்கும் புக்னெராவுக்கு 6.4 லட்சம்தான். கழித்த கோப்பு எளிதில் திரும்பாது. ஆகவே இவை செல்லை விட்டு வெளியே தனியாக வாழ முடியாதவை. கொசு கடித்தாலும் வோல்பாக்கியா நமக்கு ஒட்டுவதில்லை.

டெங்கு பரப்பும் ஏடிஸ் எஜிப்தி கொசுவில் இயல்பாக இது கிடையாது. ஆஸ்திரேலியர்கள் அதை உள்ளே செலுத்தினார்கள். அப்போது டெங்கு வைரஸ் சரியாகப் பெருகவில்லை. இந்தோனேசியாவின் யோக்யகர்த்தாவில் நடந்த சோதனையில் டெங்கு 77 சதவீதம் குறைந்ததாக 2021இல் வெளியிட்டார்கள்.

நம் பக்கத்தில், 1975இல் தொடங்கிய புதுச்சேரி கொசு ஆராய்ச்சி மையம், மோனாஷ் பல்கலைக்கழகத்திடமிருந்து முட்டை பெற்று, நம் ஊர்க் கொசுவோடு கலந்து இரண்டு வகைகளை உருவாக்கியதாக 2022இல் அறிவித்தது. ஒன்று வெயிலைக் கொஞ்சம் கூடுதலாகத் தாங்கும். நம் ஊர் வெயிலுக்கு அது முக்கியம்.

வெளியே விட அரசு அனுமதி வேண்டும். மக்கள் நம்பிக்கையும் வேண்டும். 1970களில் டெல்லியில் உலக சுகாதார நிறுவனத்தோடு சேர்ந்து நடந்த கொசு ஆராய்ச்சி, உயிரியல் ஆயுதம் என்ற சந்தேகம் பத்திரிகைகளில் கிளம்பி, 1975இல் நின்றுபோனது. நல்ல வேலையானாலும் முன்கூட்டிச் சொல்லாவிட்டால் கெட்டுவிடும்.

நாளை எங்கள் தெருவுக்கு அந்தக் கொசுவோடு வந்தால் நான் பத்துக் கேள்வி கேட்பேன். பதில் சரியாக இருந்தால் முதல் கையெழுத்து என்னுடையது. பேத்தியின் அந்த எட்டு நாளை நான் மறக்கவில்லை. அதுவரை மொட்டை மாடியில் கிடக்கும் சிரட்டைகளைக் கவிழ்த்து வையுங்கள்.