வழக்குரையும் குளிர்த்தியும்

வெகுளியை விலக்குதல் அறம் என்பதை நம் நூல்கள் பலவும் வற்புறுத்துகின்றன. திருக்குறளில் வெகுளாமை என்றொரு தனி அதிகாரமே உளது. ஆயின், முன்னரே மூண்டுவிட்ட சினத்தை யாது செய்வது? இவ்வினாவிற்கு மட்டக்களப்பு நாட்டுக் கண்ணகி வழிபாட்டிலே விடையொன்று காணப்படுகின்றது. அதனை ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தொல்காப்பியர் வெகுளியை எட்டு மெய்ப்பாடுகளுள் ஒன்றாக வைத்து, அது பிறத்தற்குரிய நிலைக்களன் நான்கெனக் கூறினார். உறுப்பினை அறுத்தல், குடியினரை நலிதல், அலைத்தல், கொலை என்பன அவை. நான்கும் பிறர் இழைக்கும் தீங்குகளே. எனவே, வெகுளி எழுந்தவிடத்து, இழைக்கப்பட்ட தீங்கு யாதென்று முதலில் நோக்குதல் வேண்டும் என்பது பெறப்படும்.

கண்ணகியின் வெகுளி கொலையின்பாற் பட்டது. ஆராயாது தன் கணவனைக் கொல்வித்த பாண்டியன் முன்னிலையில் அவள் சிலம்பை உடைத்து வழக்குரைத்தாள். தவறுணர்ந்த மன்னன் உயிர் துறந்தான். அதன் பின்னரும் அவள் சினம் ஆறிற்றில்லை, மதுரை எரிந்தது. மதுராபதித் தெய்வம் தோன்றிப் பழம்பிறப்பின் வரலாற்றை எடுத்துரைத்த பின்னரே அழல் நீங்கிற்று.

சேரன் செங்குட்டுவன் இப்பத்தினிக்குக் கோயில் எடுத்தபோது இலங்கைக் கயவாகு மன்னனும் அங்கிருந்தான் என்று சிலப்பதிகாரம் கூறும். இன்று இலங்கையில் தமிழர் கண்ணகை அம்மனாகவும் சிங்களவர் பத்தினித் தெய்வமாகவும் அவளை வணங்குகின்றனர். களுதாவளைக்கு வடக்கே அணித்தாயுள்ள செட்டிபாளையத்திலும், தெற்கே காரைதீவு, தம்பிலுவில் முதலிய ஊர்களிலும் அம்மன் கோயில்கள் சிறப்புற்று விளங்குகின்றன. வைகாசித் திங்களில் திருக்கதவு திறந்து சடங்குகள் நிகழும். அந்நாட்களில் கண்ணகி வழக்குரை காவியம் பாடப்பெறும். பண்டிதர் வி. சீ. கந்தையா அவர்கள் 1968 ஆம் ஆண்டில் அதனைப் பதிப்பித்து வெளியிட்டார்கள். சடங்கின் நிறைவாக அமைவது, மதுரையை எரித்த தேவியின் வெம்மையை ஆற்றும் திருக்குளிர்த்தி.

ஈண்டு நோக்கத்தக்கது இவற்றின் முறைவைப்பு. நம் முன்னோர் தேவியை நோக்கி, "சினம் தணிக" என்று எடுத்த எடுப்பிலே வேண்டினாரல்லர். அவள் உற்ற துயரம் முழுவதையும் ஊர் கூடியிருந்து கேட்டது; அதன் பின்னரே குளிர்ந்தருளுமாறு வேண்டிற்று. வழக்கு முந்தியது, குளிர்த்தி பிந்தியது.

இம்முறைமை நம் வாழ்க்கைக்கும் பொருந்துவதாகும். 2004 ஆம் ஆண்டின் ஆழிப்பேரலையிலும், 2009 ஆம் ஆண்டு வரை நீடித்த போரிலும் உற்றாரை இழந்தோர் இப்பகுதியிற் பலர். அவர்களை நோக்கி, "நடந்ததை மறந்துவிடுங்கள்" என்பது வழக்கைக் கேளாமல் குளிர்த்தி பாடுவதையே ஒக்கும். மாறாக, வழக்கை மட்டுமே ஓயாது உரைத்துக் குளிர்த்தியைக் கைவிடுவோமாயின், எரிந்த மதுரையிலேயே நாம் என்றும் நின்றுவிடுவோம்.

தனி மனிதர் உள்ளத்திற்கும் இதுவே நெறி. களுதாவளைச் சுயம்புலிங்கப் பிள்ளையார் திருமுன் கைகூப்பி நிற்கும் ஒருவர், தம் நெஞ்சிலுள்ள வெம்மையை இல்லையென்று மறைத்தல் வேண்டா. அது எத்தீங்கினால் எழுந்தது, அத்தீங்கை இழைத்தவர் யாவர், அவ்வெம்மை குற்றமற்றவரையும் சுடுகின்றதோ என்று தம்மைத் தாமே வினவுக. விடை தெளிந்தபின், ஆற்றியருளுமாறு இறைவனை வேண்டுக. ஆண்டுதோறும் வைகாசியிலே நம் ஊர்கள் செய்துவரும் இச்சடங்கை நாள்தோறும் நம் உள்ளத்திலே செய்யக் கற்போமாக.