ஒப்பந்தக் கூலியின் வழித்தோன்றல்கள்: விகாஷ் தொராசூவின் ஆட்டத் தொழிலும் வன்னியின் விளையாட்டுக் களமும்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் சென்னை மாகாணத்திலிருந்து கடல் கடந்து அழைத்துச் செல்லப்பட்ட உழைப்பாளர்களின் வரலாறு பெரும்பாலும் அவர்கள் இறக்கிவிடப்பட்ட தோட்டங்களோடு முடிந்துவிடுகிறது. அவர்களுடைய பேரப்பிள்ளைகளும் பூட்டப்பிள்ளைகளும் அங்கிருந்து மீண்டும் பெயர்ந்து எங்கே சேர்ந்தார்கள், சேர்ந்த இடத்தில் எந்தத் தொழில்கள் அவர்களுக்குத் திறந்திருந்தன, எவை மூடியிருந்தன என்ற கேள்விகள் அரிதாகவே எழுப்பப்படுகின்றன. மொறீசியஸின் கரும்புத் தோட்டங்களுக்குச் சென்ற தெலுங்கு மரபிலிருந்து வந்த விகாஷ் தொராசூ 2006ஆம் ஆண்டு உலகக் கிண்ணத்தில் பிரான்ஸ் தேசிய அணியின் சீருடை அணிந்தார். இலங்கை மலைநாட்டுத் தோட்டங்களுக்குச் சென்ற தமிழ்க் குடும்பங்களின் வழிவந்தவர்களோ வன்னிப் பகுதியைச் சேர்ந்த கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் காடு வெட்டிக் குடியேறினார்கள். இரு கிளைகளின் பிள்ளைகளும் உதைபந்து ஆடியவர்களே. ஆயினும் ஆட்டம் ஒரு கிளையில் தொழிலாயிற்று, மற்றதில் மாலைநேரப் பொழுதுபோக்காகவே நின்றது. குடியுரிமை, கழகம், பயிற்சி நிலையம், ஒப்பந்தச் சட்டம் ஆகிய நான்கும் ஓரிடத்தில் கூடும்போதுதான் ஆட்டக்காரன் தொழிலாளியாகிறான் என்பதை தொராசூவின் வாழ்வையும் வன்னியின் வரலாற்றையும் அருகருகே வைத்துப் பார்க்கையில் தெளிவாக உணரலாம்.

பிரித்தானியப் பேரரசில் அடிமைமுறை 1834இல் ஒழிக்கப்பட்டபின் கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் தேவைப்பட்டது. குறித்த ஆண்டுகள் வேலை செய்வதாகக் கையெழுத்தோ கைநாட்டோ பெற்று இந்தியரைக் கப்பலேற்றும் ஒப்பந்தக் கூலிமுறை அந்தத் தேவையிலிருந்து தோன்றியது. அன்று முதல் 1920 வரை ஏறத்தாழ 5 இலட்சம் பேர் மொறீசியஸ் துறைமுகமான போர்ட் லூயிஸில் இறங்கினர் எனக் கணிக்கப்படுகிறது. அவர்கள் ஏறிவந்த கருங்கற் படிகள் ஆப்ரவாசி காட் என்ற பெயரில் இன்று உலக மரபுரிமைச் சின்னமாகப் பேணப்படுகின்றன. இலங்கையில் கோப்பிக்கும் பின்னர் தேயிலைக்கும் ஆள் திரட்டப்பட்ட விதம் வேறு: எழுத்து ஒப்பந்தத்துக்குப் பதிலாக, ஊரவரும் உறவினரும் அடங்கிய கூட்டத்தை முன்பணக் கடனால் பிணைத்து அழைத்துவரும் கங்காணி முறையே அங்கு நிலவியது. மொறீசியஸ் 1715 முதல் 1810 வரை பிரெஞ்சு ஆட்சியில் இருந்தமையால், பிரித்தானியர் கைப்பற்றிய பின்னரும் பிரெஞ்சு மொழியும் அதிலிருந்து பிறந்த கிரியோல் பேச்சும் அங்கு நிலைத்தன. ஆகவே பிழைப்புத் தேடிப் புறப்பட்ட மொறீசியஸ் குடும்பங்கள் பலவற்றுக்குப் பிரான்ஸ் மொழியறிந்த நாடாக இருந்தது.

இலங்கைக் கிளையின் பாதை குடியுரிமை மறுப்பில் தொடங்கியது. 1948ஆம் ஆண்டின் இலங்கைக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரிற் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1964ஆம் ஆண்டின் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களை இரு நாடுகளுக்கிடையே எண்ணிக்கை வகுத்துப் பங்கிட்டது. 1958இலும் 1977இலும் நிகழ்ந்த வன்செயல்களும், தோட்டங்கள் தேசியமயமாக்கப்பட்ட காலத்தில் நிலவிய பட்டினியும் பல குடும்பங்களை வடக்கு நோக்கித் தள்ளின. கட்டடக் கலைஞர் டேவிட்டும் மருத்துவர் இராஜசுந்தரமும் வவுனியாவைத் தளமாகக் கொண்டு நடத்திய காந்தியம் இயக்கம் அவர்களிற் பலரை வன்னியில் குடியமர்த்தியது. கிளிநொச்சியின் பாரதிபுரம், மலையாளபுரம், கிருஷ்ணபுரம், தொண்டமான் நகர் போன்ற குடியிருப்புகளில் மலையக வம்சாவளியினர் இன்றும் பெருந்தொகையாக வாழ்கின்றனர். இரணைமடுக் குளத்தை அண்டிய நெற்காணிகள் முந்தைய குடியேற்றத் திட்டங்களில் வந்தவர்களுக்கு உரியனவாக இருக்க, பின்னர் வந்த இக்குடும்பங்கள் பெரும்பாலும் மேட்டு நிலத்திலும் கூலி வேலையிலும் தங்கிவாழ நேர்ந்தது.

தொராசூ 1973 ஒக்டோபர் 10ஆம் திகதி, நோர்மண்டிக் கரையிலுள்ள லு ஹாவ்ர் துறைமுகத்தை அடுத்த ஆர்ஃப்ளர் என்ற ஊரில் பிறந்தார். தொழிலாளர் குடும்பங்கள் செறிந்த கொக்ரியோவில் என்ற அடுக்குமாடிப் பகுதியிலேயே அவர் வளர்ந்தார். வெளிநாட்டுப் பெற்றோருக்குப் பிரான்சில் பிறந்து அங்கேயே வளரும் பிள்ளை வயது வந்ததும் குடியுரிமை பெறுவதற்கு அந்நாட்டுச் சட்டம் அக்காலத்தில் வழிவைத்திருந்தது. ஒரே காலப்பகுதியில் இலங்கையில் பிறந்த மலையகப் பிள்ளைகளிற் பலர் நாடற்றோராகவே வளர்ந்தார்கள் என்பதையும், எஞ்சியோருக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இலேயே நிறைவேறியது என்பதையும் இதனோடு சேர்த்து நோக்கவேண்டும். தேசிய அணி ஒன்றில் இடம்பெறுவதற்குக் கடவுச்சீட்டே முதல் தகுதி.

தொராசூ பிறந்த ஆண்டு பிரெஞ்சு உதைபந்தாட்டத் தொழிலின் வரலாற்றிலும் திருப்பமான ஆண்டாகும். பிரான்சில் 1932இல் ஊதியம் பெற்று ஆடுவது அனுமதிக்கப்பட்டபோதும், கழகத்தோடு ஒப்பந்தம் செய்த வீரர் 35 வயதுவரை அக்கழகத்துக்கே கட்டுப்பட்டவராயிருந்தார். அவரை விற்கவும் தடுத்துவைக்கவும் கழகத்துக்கே உரிமை இருந்தது. இந்நிலையை எதிர்க்க 1961இல் வீரர்களின் தொழிற்சங்கம் அமைக்கப்பட்டது. உதைபந்தாட்ட வீரர்கள் அடிமைகள் என்று அக்காலத்தின் பெரும் வீரரான ரேமோன் கோப்பா 1963இல் வெளிப்படையாகக் கூறியது பெருஞ் சர்ச்சையைக் கிளப்பியது. 1969இல் காலவரையறை கொண்ட ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தது. 1972இல் வீரர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். 1973இல் கழகங்களும் வீரர்களும் இணங்கிய தொழில்முறைப் பட்டயம் உருவானது. சம்பளம், ஒப்பந்தக் காலம், பணிநீக்கம் ஆகியவற்றை ஒழுங்குபடுத்திய அந்தப் பட்டயம் முதற்பிரிவுக் கழகங்கள் இளையோருக்கான பயிற்சி நிலையங்களை நடத்தவேண்டும் என்றும் விதித்தது. பதின்ம வயதினரை விடுதியில் தங்கவைத்துப் பாடசாலைக் கல்வியையும் ஆட்டப் பயிற்சியையும் ஒருசேரக் கொடுக்கும் இந்நிலையங்களே குடிபெயர்ந்தோர் பிள்ளைகள் பலருக்குத் தொழிலின் வாசலாயின.

லு ஹாவ்ர் கழகம் 1872இல் தொடங்கப்பட்டதாகக் கூறப்படுகிறது. பிரான்சின் மிகப் பழைய கழகம் என்ற பெருமை அதற்கு உண்டு. துறைமுகத்துக்கு வந்த ஆங்கிலேயர் தொடங்கிய அக்கழகம், பெருநகரக் கழகங்களைப்போல் விலை கொடுத்து வீரரை வாங்க முடியாத நிலையில், இளையோரை வளர்த்தெடுப்பதையே தன் வலிமையாக்கிக் கொண்டது. தொராசூ அங்கு ஆடி 1993இல் முதல் அணிக்கு வந்தார். உயரமோ உடற்பலமோ மிகுந்தவரல்லர். எதிரணியின் நெருக்கடிக்கு நடுவே பந்தைக் காலடியில் வைத்திருந்து, சகவீரர் ஓடத் தொடங்குவதற்கு முன்பே அவர் சேரவிருக்கும் இடத்துக்கு அனுப்பிவிடும் மத்தியகள வீரர் அவர். ஐந்து பருவங்களுக்குப் பின் 1998இல் லியோன் கழகம் அவரை வாங்கியது. இடையே பொர்தோ கழகத்துக்கு இரவலாகச் சென்றுவந்தார். இரவல் என்பது ஒப்பந்தம் தாய்க்கழகத்திடம் இருக்க, வீரர் வேறு கழகத்துக்கு ஆடும் ஏற்பாடு. லியோன் அணி 2003இலும் 2004இலும் பிரெஞ்சுச் சம்பியனானபோது அவ்வணியில் அவரும் இருந்தார்.

ஒப்பந்தம் முடிந்த வீரருக்குப் புதிய கழகம் பழைய கழகத்துக்கு விலை கொடுக்கவேண்டியதில்லை என்று ஐரோப்பிய நீதிமன்றம் 1995 டிசம்பர் 15ஆம் திகதி பொஸ்மன் வழக்கில் தீர்ப்பளித்திருந்தது. அந்தத் தீர்ப்பு திறந்துவிட்ட பாதையிலேயே தொராசூ 2004இல் கைமாற்று விலை எதுவுமின்றி இத்தாலியின் ஏசி மிலான் கழகத்துக்குச் சென்றார். ஆனால் பிர்லோ, சீடோர்ஃப், காகா, ருயி கோஸ்தா போன்றோர் நிறைந்த மத்தியகளத்தில் அவருக்கு இடம் கிடைப்பது அரிதாயிற்று. 2005 மே மாதம் இஸ்தான்புல்லில் லிவர்பூலுக்கு எதிராக நடந்த ஐரோப்பியச் சம்பியன் கிண்ண இறுதியாட்டத்தில் அவர் மாற்றுவீரர் இருக்கையிலேயே இருந்தார்; மூன்று கோல் முன்னிலையை மிலான் இழந்த அந்த இரவில் மூன்று மாற்றுவீரர்கள் களமிறக்கப்பட்டும் அவர் அழைக்கப்படவில்லை.

அடுத்த பருவத்தில் பாரிஸ் சென் ஜேர்மன் கழகத்துக்கு வந்த தொராசூ தம் வாழ்வின் பேர்பெற்ற கோலை அங்கேதான் அடித்தார். 2006 ஏப்ரல் 29ஆம் திகதி நடந்த பிரெஞ்சுக் கிண்ண இறுதியாட்டத்தில், பரம எதிரியான மார்செய் அணிக்கெதிராக இரண்டாம் பாதி தொடங்கிய சற்று நேரத்தில் தொலைவிலிருந்து அவர் உதைத்த பந்து வலைக்குள் சென்றது; ஆட்டம் 2-1 என முடிந்தமையால் அதுவே வெற்றிக் கோலாயிற்று. அக்கோடையில் ஜேர்மனியில் நடந்த உலகக் கிண்ணத்துக்கும் அவர் தெரிவானார். பிரான்ஸ் இறுதிவரை சென்று ஆடிய ஏழு ஆட்டங்களில், சுவிற்சர்லாந்துக்கும் தென்கொரியாவுக்கும் எதிரான இரண்டில் மட்டும், அதுவும் கடைசி நிமிடங்களில் அவர் களமிறங்கினார். எஞ்சிய நாட்களில், திரைப்பட இயக்குநர் பிரெட் புலே கொடுத்த சுப்பர் 8 கமெராவால் விடுதி அறையையும் பேருந்துப் பயணத்தையும் காத்திருப்பின் சலிப்பையும் அவர் படம்பிடித்தார். மாற்றுவீரர் என்று பொருள்படும் தலைப்போடு அந்தப் பதிவு 2007இல் ஆவணப்படமாக வெளியானது. வெற்றியாளரின் புகழுரைகளால் நிறைந்த விளையாட்டு ஆவணங்களுக்கிடையே, வேலைத்தளத்தில் இருந்தும் வேலை தரப்படாத தொழிலாளி ஒருவரின் சான்றாக அப்படம் தனித்து நிற்கிறது.

உலகக் கிண்ணம் முடிந்து ஏறத்தாழ மூன்று மாதங்களில் அவருடைய தொழில் முறிந்தது. முதல் அணியிலிருந்து ஒதுக்கப்பட்டமை குறித்துப் பயிற்றுநர் கீ லக்கோமை நாளிதழ் நேர்காணலில் விமர்சித்ததும், இரண்டாம் அணிக்கு ஆட மறுத்ததும் காரணமாகக் காட்டப்பட்டு 2006 ஒக்டோபரில் கழகம் அவரைப் பணிநீக்கம் செய்தது. 1973ஆம் ஆண்டுப் பட்டயத்துக்குப் பின் இவ்வாறு நீக்கப்பட்ட முதல் வீரர் அவர் என அப்போதைய செய்திகள் குறிப்பிட்டன. பின்னர் இத்தாலியின் லிவோர்னோவில் ஒப்பந்தமாகியும் அவர் ஆடவில்லை. 2008இன் தொடக்கத்தில் ஓய்வை அறிவித்தார். தேசிய அணிக்கு 18 ஆட்டங்கள், 2005இல் சைப்பிரசுக்கு எதிராக ஒரு கோல் என்பது அவருடைய கணக்கு. பயிற்சி நிலையம் தந்த தொழிலையும் நீதிமன்றம் தந்த நகர்வுரிமையையும் பெற்ற ஒருவருக்கு, முதலாளியை வெளிப்படையாக விமர்சிக்கும் உரிமை மட்டும் முழுமையாகக் கிட்டவில்லை என்பதே இந்த முடிவின் பொருள்.

இந்த வசதிகள் வன்னியில் ஒன்றுசேர வாய்க்கவில்லை. பெரும்போக அறுவடை முடிந்து மாசி, பங்குனியில் தரிசாகக் கிடக்கும் வயலும், பாடசாலை மைதானமும், முல்லைத்தீவுக் கரையின் மணற்பரப்புமே அங்கு களங்கள். காட்டுத்தடி நட்டால் கோல் கம்பம். ஊருக்கொரு விளையாட்டுக் கழகம், கோயில் திருவிழாவையோ நினைவு நாளையோ ஒட்டிய சுற்றுப்போட்டி, பிரதேச, மாவட்ட மட்டப் போட்டிகள் என்ற அமைப்புக்கு மேலே ஏணிப்படி இல்லை. இலங்கையில் உதைபந்தாட்டம் முழுநேரத் தொழிலாக வளராததால், திறமையான வீரர்கள் இராணுவம், கடற்படை, விமானப்படை, பொலிஸ் ஆகியவற்றின் அணிகளில் சேர்ந்து சம்பளமும் பயிற்சியும் பெறுவதே வழக்கமாயிற்று. உள்நாட்டுப் போர் நடந்த தசாப்தங்களில் வன்னித் தமிழ் இளைஞருக்கு அந்த வாசல் நடைமுறையில் அடைபட்டிருந்தது. கொழும்பின் தனியார் கழகங்களை அடையவும் சோதனைச் சாவடிகளையும் அனுமதிச் சீட்டுகளையும் கடக்கவேண்டியிருந்தது.

போர் விளையாட்டுக் களங்களையே அழித்தது. கிளிநொச்சி நகரம் 1996இலும் 1998இலும் 2009இலும் கைமாறியது. ஒவ்வொரு கைமாற்றத்திலும் மக்கள் இடம்பெயர்ந்தார்கள். 2004 டிசம்பரில் ஆழிப்பேரலை முல்லைத்தீவுக் கரையைச் சூறையாடியது. 2009இல் ஏறத்தாழ 3 இலட்சம் பேர் வவுனியாவை அண்டிய முகாம்களில் அடைக்கப்பட்டார்கள். அவர்களிற் பெருந்தொகையினரைக் கொண்டிருந்தது செட்டிகுளம் மெனிக் பாம். மீள்குடியேறியபோது வயல்களிலும் விளையாட்டுத் திடல்களிலும் கண்ணிவெடி அகற்றும்வரை காத்திருக்க நேர்ந்தது. பத்து வயதில் பயிற்சி தொடங்கி இருபதில் முதல் அணியை அடைவது இத்தொழிலின் இயல்பான கால அளவு. அந்தப் பத்தாண்டு ஓரிடத்தில் தொடர்ச்சியாக வாழக் கிடைத்த தலைமுறை வன்னியில் நெடுங்காலம் இருக்கவில்லை. போருக்குப் பின் கிளிநொச்சியில் பெரிய விளையாட்டு வளாகம் எழுந்தது. வடக்கு கிழக்கு பிரீமியர் லீக் என்ற போட்டியில் கிளியூர் கிங்ஸ், முல்லை பீனிக்ஸ் போன்ற அணிகள் மாவட்டங்களின் பெயரால் ஆடின. ஆனால் சில வாரப் போட்டி ஆண்டு முழுவதற்குமான சம்பளத்தையோ பயிற்சி நிலையத்தையோ தராது.

இதற்கிடையே 1980களிலிருந்து பிரான்சுக்குப் புலம்பெயர்ந்த ஈழத்தமிழர், லாசப்பல் எனத் தமிழர் வழங்கும் பாரிஸ் பகுதியை மையமாகக் கொண்டு தமக்கென விளையாட்டுக் கழகங்களை அமைத்தார்கள். உலக உதைபந்தாட்டச் சம்மேளனத்தில் சேராத இனங்களுக்கான கொனிஃபா அமைப்பின் 2014, 2018 உலகக் கிண்ணங்களில் புலம்பெயர் இளையோரைக் கொண்ட தமிழீழ அணி ஆடியது. வேல்ஸில் பிறந்து, இலங்கைத் தமிழ்ப் பெற்றோரின் பிள்ளையாக வளர்ந்த விமல் யோகநாதன் இங்கிலாந்தின் பான்ஸ்லி கழகத்தின் இளையோர் பயிற்சியிலிருந்து 2023இல் முதல் அணிக்கு உயர்ந்து பிரித்தானியாவில் தொழில்முறையாக ஆடிய முதல் தமிழர் எனப் பேசப்பட்டார். கொக்ரியோவிலில் தொராசூவுக்கு நடந்ததே யோகநாதனுக்கும் நடந்தது: பிறந்த மண்ணின் குடியுரிமை, ஏற்றுக்கொண்ட ஒரு கழகம், அதன் பயிற்சி நிலையம், கையெழுத்திடக்கூடிய ஒப்பந்தம். வன்னி இளைஞரிடம் குறையாகக் காணப்படுவது இவையே. ஆகவே அங்கு உதைபந்தாட்டம் தொழிலாக வேண்டுமானால், புதிய அரங்குகளுக்கு முன்னதாக, பதின்ம வயதினரைக் கல்வியோடு தங்கவைத்துப் பயிற்றும் நிலையமும், படையணிகளைச் சாராமல் ஆண்டு முழுவதும் சம்பளம் தரக்கூடிய கழகங்களும், அச்சம்பளத்தைக் காக்கும் பட்டயமும் வேண்டும். பிரான்ஸ் அவற்றை அடைவதற்கு 1932இலிருந்து 1973வரை நாற்பத்தொரு ஆண்டுகள் ஆயின, ஒரு வேலைநிறுத்தமும் தேவைப்பட்டது.