இணைய முகவர்

ஒருவர் சொன்ன வேலையை முடிக்கத் தானே இணையதளங்களைத் தேடி, திறந்து, படிக்கும் செயற்கை நுண்ணறிவு மென்பொருள். "ஓசூரில் அலுமினிய வார்ப்பு செய்யும் சிறு பட்டறை எது?" என்று கேட்டால், முதலில் கேள்வியைத் தேடுசொற்களாக உடைக்கும். சிக்கல் அங்கேயே தொடங்கிவிடுகிறது. ஊர்ப்பெயரை ஓசூர், ஒசூர், ஹோசூர் என்று பலவாறு எழுதுகிறார்கள்; எல்லை தாண்டினால் கன்னடத்தில் ஹொசூரு. ஒன்றை மட்டும் தேடினால் மற்றவை கைநழுவும்.

தளத்துக்குள் நுழையுமுன், ஒழுங்கான முகவர் 'ரோபாட்ஸ்' கோப்பைப் பார்க்கும். எந்தப் பகுதிக்கு யார் வரக்கூடாது என்று தள உரிமையாளர் எழுதிவைக்கும் சில வரிகள் அவை. மார்டைன் கோஸ்டர் 1994இல் முன்மொழிந்த இந்த ஏற்பாடு, 2022இல்தான் ஆர்எஃப்சி 9309 என்ற தரமாக வெளியானது. மீறுபவரைத் தடுக்கும் வலு அதற்கில்லை. இந்நிலையில், இணையதளங்களுக்குப் பாதுகாப்பு அளிக்கும் கிளவுட்ஃப்ளேர் நிறுவனம் 2025 ஜூலையில், தன் சேவையில் புதிதாகச் சேரும் தளங்களில், பக்கங்களைத் தானாகப் படித்துச் சேகரிக்கும் ஏஐ மென்பொருள்களை இயல்பாகவே தடுக்கத் தொடங்கியது.

உள்ளே போனபின் முகவர் பெரும்பாலும் பக்கத்தின் எழுத்தைத்தான் படிக்கிறது. தமிழ்நாடு அரசு 2010இல் ஒருங்குறியை ஏற்றது. ஆனாலும் பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டிய பக்கம் இன்னும் கண்ணில் படுகிறது. மனிதருக்கு அது தமிழ், முகவருக்கோ பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியல். விலைப்பட்டியலைப் படமாக ஏற்றிய தளமும் அரைகுறையாகவே புரியும். இது சிறு தொழில்முனைவோருக்கு உண்மையான இழப்பு.

பெயர்ப்பலகையிலும் வாட்ஸ்அப்பிலும் மட்டுமே இருக்கும் பட்டறை, முகவரின் தேடலில் அகப்படுவதே இல்லை.