இடிபாட்டில் எழுந்த சிற்பவனம்

ஒலுவில் துறைமுகம் 2013இல் திறந்துவைக்கப்பட்டது. அதன் கல்லணைகள் மணலின் இயல்பான ஓட்டத்தை மறித்தன. வடபுறத்தே கடல் கரையைத் தின்றது. துறைமுக வாயிலையோ மணல் அடைத்தது. தோணி ஏற்றவும் பிள்ளைகள் ஓடியாடவும் இருந்த பொதுவெளி சுருங்கியது. ஆக்கத்தின் பெயரால் இழந்ததை மக்கள் மீண்டும் தமதாக்கிக்கொள்ள இயலுமா? வடஇந்தியாவின் ஒரு சிற்பப் பூங்காவின் வரலாறு இவ்வினாவுக்கு விடை பகர்கிறது.

1950களில் சண்டிகார் நகரை எழுப்புவதற்காகப் பல கிராமங்கள் இடிக்கப்பட்டன. 1947ஆம் ஆண்டுப் பிரிவினையில் ஊரிழந்து வந்த நேக் சந்த் அங்கே வீதிப் பரிசோதகராகப் பணியாற்றினார். இடிபாடுகளையும், உடைந்த வளையல்களையும், பீங்கான் துண்டுகளையும், பறவை போலவும் மனிதர் போலவும் இயற்கை வடித்த கற்களையும் பொறுக்கிச் சேர்த்தார். அரசுக் காட்டினுள் மறைவாகச் சிற்பங்கள் சமைத்தார். சட்டப்படி அவை இடிக்கப்படவேண்டியவை. ஆயினும் மக்களின் விருப்பம் வென்றது. 1976இல் அவ்விடம் பூங்காவாகத் திறக்கப்பட்டது.

அங்கே கலை பீடத்தில் ஏறி நிற்பதில்லை. தாழ்ந்த வாயில்களிற் குனிந்து நுழையலாம், அருவியோரம் நடக்கலாம், வளைவுகளிலே தொங்கும் ஊஞ்சல்களில் ஆடலாம். 1990 வாக்கில் ஒரு பகுதியை இடிக்க இயந்திரங்கள் வந்தபோது, மக்களே கைகோத்து நின்று மறித்தனர்.

காவலன் காக்கும் சிலை வேறு. தாம் ஆடிய ஊஞ்சலென்று மக்கள் காக்கும் கலை வேறு. ஒலுவிற் கரையில் நாளை எதை எழுப்பினும், அம்மணலில் ஆடும் பிள்ளையைக் கேட்டன்றோ எழுப்பவேண்டும்!